டாக்டருக்குப் போன தேன்

"கொழந்தைக்குத் தேன் எதாவது குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நானும் என் கணவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். உள்ளே மூன்று மாதம்கூட நிறையாத எங்கள் மகள் வாயில் குழாயோடு கிடந்தாள். மூச்சு விடுகிற வேலையை அவளுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

அதுவரை டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நான் தயங்காமல் பதில் சொன்னேன். எப்போதிருந்து மலம் போகவில்லை, பால் உறிஞ்சுவது எப்போது குறைந்தது, எந்தக் கண்ணின் இமை முதலில் சரிந்தது, தூக்கும்போது தலை எப்படிப் பின்னால் விழுந்தது, எல்லாம். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடவேண்டும் என்கிற பழக்கம் உண்டு. ஆனால் தேன் என்றதும் வாய் வரவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்து யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி வரும் என்று தோன்றியது.

"குடுத்தோங்க," என்று என் கணவர் சொல்லிவிட்டார். "எங்க மலையில எல்லாரும் குடுக்கறதுதானுங்க. எங்கக்காதான் நாக்குல வெப்பாங்க."

அவருடைய அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் புருஷனின் அக்காவுக்கு அதுதான் முறை. நங்கையாவின் கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் சாமையுமாக எங்கள் காட்டில் பாதி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருப்பவர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் சேனை வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். கல்யாணம், சீர் என்றால் நங்கையாவைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லும் ஊர், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

"எம்பேரனுக்கு நீதான சேனை வெச்ச? அப்பறம் ஏன் இந்தக் கத்துக் கத்தறான்?" என்று யாராவது வம்பு இழுத்தால், "தேன் என்னுது, தொண்டை உன்னுதாச்சே" என்பார். அவர் அன்றைக்கெல்லாம் முகத்தில் சிரிப்போடு இருப்பார்.

என் மகளுக்கு அவர் சேனை வைத்ததோடு நிறுத்தவில்லை. வீட்டுக் குழந்தை அல்லவா, வாரத்தில் ஒருநாள் குளிக்க வைத்ததும் ஒரு சொட்டு வைப்பார். பேச்சு தெளிவாக வருமாம். நான் அதைப் பற்றி ஃபோனில் தேடிப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். கூடாது என்று போட்டிருந்தது. ஆனால் பால் கொடுக்கும் அம்மா முட்டைக்கோஸ் சாப்பிடக்கூடாது, குழந்தையைக் கண்ணாடி பார்க்க விடக்கூடாது என்றும் அதே ஃபோனில் போட்டிருந்தது. எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்த காலம் அது. நங்கையாவின் கையைப் பார்க்கும்போது மட்டும் பயம் வராது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி, விதை மாதிரி ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டு சில சமயம் தேனில் வந்து சேர்ந்துவிடுமாம். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு நரம்பைப் பிடித்தால் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும்.

"கலப்படத் தேனுங்களா?" என்று கேட்டேன்.

"நல்ல தேன், கெட்ட தேன்னு இல்லம்மா. சுத்தமான காட்டுத் தேன்லயும் இருக்கும். காய்ச்சினாலும் சாகாது. இது தேனாலதான்னு நான் இன்னும் சொல்லல. சந்தேகம்தான். கொழந்தையோட மலத்தையும் அந்தத் தேனையும் வெளியூர் லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம்."

மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே விரல் படக்கூடாது, வேறு பாத்திரத்தில் ஊற்றி மாற்றக்கூடாது என்றார். என் கணவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து மலைக்குப் போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி மதியத்துக்குள் தேனோடு வந்துவிட்டார்.

"நங்கையா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. டாக்டர் தேன் கேட்டாங்கன்னேன். வெடியறதுக்குள்ள ரொப்பி வெச்சிருந்தா. பாப்பா எப்பிடி இருக்கான்னு மட்டும் பத்துவாட்டி கேட்டா."

டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக, பொன்னிறமாக இருந்தது. இதில் என்ன இருந்துவிடப்போகிறது என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு மருத்துவமனையில் இருந்த நாட்களை நான் கை கழுவிக் கழித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே போகும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் மாட்டி, மறுபடியும் மருந்து தேய்க்கவேண்டும். குழாய் போட்ட குழந்தைக்கு வெளிக் கிருமி ஏறினால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் கழுவினேன், கழுவினது போதுமா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்தது.

"ஏம்மா, நீங்க கழுவறதப் பாத்தா தண்ணித் தொட்டியே காலி ஆயிரும்போல," என்று அந்த நர்ஸ் கேலி செய்வார். "உள்ள வாங்க. கொழந்தைக்கு உங்க சத்தம் கேக்கணும்."

சத்தம் கேட்டது. இமை திறக்கவில்லை என்றாலும், அவள் காதுக்குப் பக்கத்தில் பேசினால் திரையில் ஓடும் கோடு கொஞ்சம் மாறும். அவளுக்கு எல்லாம் தெரிகிறது, உடம்புதான் கேட்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஆறுதலாக இல்லை. தெரிந்துகொண்டே அப்படிக் கிடப்பது இன்னும் கொடுமையாகப் பட்டது.

நங்கையா தினமும் ஃபோன் செய்தார். டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து பேசுவார். "அம்மிணி, அழுவறாளா?" என்று கேட்பார். இல்லை என்பேன். "எந்திரிச்சுருவா கண்ணு. நான் சாமிக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன்." தேனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

மெதுவாக நஞ்சு இறங்கியது. முதலில் புருவம் அசைந்தது. பிறகு விரல்கள். ஒருநாள் குழாயை எடுத்தார்கள். அவள் அழ முயற்சி செய்தாள். காற்று மட்டும் வந்தது. நானும் நர்ஸும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அழுதோம்.

லேப் முடிவுகள் நாங்கள் கிளம்புவதற்குச் சற்று முன்பு வந்தன. அனுப்பிய மலம் ரொம்பக் கொஞ்சம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தேனில் எதுவும் இல்லை.

"தேனால இல்லேன்னு வெச்சுக்கலாங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"இந்தத் தேன்ல கெடைக்கல. அவ்வளவுதான்," என்றார் டாக்டரம்மா. "நோய் அதேதான்னு எனக்குத் தோணுது. மண்ணு, தூசில இருந்துகூட வரலாம். எப்பிடியும் ஒரு வயசு வரைக்கும் எந்தக் கொழந்தைக்கும் தேன் வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் அது காதில் ஏறவில்லை. தேனில் எதுவும் இல்லை என்பது மட்டும் ஏறியது. என் மாமியார் அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொல்ல, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நம்ம மலைத் தேன மிஷின்ல போட்டுப் பாத்தும் ஒரு குத்தம் கண்டுபுடிக்க முடியலயாம்" என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். நங்கையாவின் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. அவர் என் மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, இன்னும் சரியாக நிற்காத தலையை உள்ளங்கையில் தாங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, நல்லவேளை, இவர் கையால் வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகள் தவழ ஆரம்பித்த சமயம் கொழுந்தனாரின் மனைவிக்கு மாதம் நெருங்கியது. சின்னவள் என்போம், அவளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சேனை யார் வைப்பது என்ற பேச்சே எழவில்லை, நங்கையாதான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவளிடம் தனியாக, தேன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, உங்களுக்கு மழை பேஞ்சாலும் பயம், பேயாட்டியும் பயம்," என்று சிரித்தாள். "தேன்ல ஒண்ணுமில்லன்னு லேப்காரனே எழுதிக் குடுத்துட்டானே."

அந்த வாரத்தில் ஒருநாள் நங்கையா சமையலறைப் பரணிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை இறக்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தேன் அப்படித்தான் வரும், காலி பாட்டிலில், துணி அடைத்து. அடியில் கறுத்த தேன் கொஞ்சம் கிடந்தது. மேலே எறும்பு மிதந்தது.

"நல்லவேளை, சின்னவ புள்ளைக்கு ஆகற மட்டும் இருக்குது," என்றார்.

"இது எந்தத் தேனுங்க?"

"நம்ம பாப்பாளுக்கு வெச்சனே, அதுதான். பழந்தேனுதான் பச்சப் புள்ளைக்கு ஆவும்."

"அன்னைக்கி டாக்டருக்குக் குடுத்து உட்டது?"

"அது வேற, வாசலூர்பட்டியில புதுசா எடுத்தது. உன்ற ஊட்டுக்காரன் வந்து டாக்டர் கேக்கறாங்கன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்த எறும்பு மொதக்கறதயா குடுத்து உடறது? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? அப்பவே டார்ச்ச எடுத்துட்டுப் போயி, தேன் எடுத்தவங்ககிட்டச் சொல்லி, வடிகட்டி வாங்கியாந்தேன். நல்ல தேனு அது. டாக்டரம்மா எதாச்சும் சொன்னாங்களா?"

அவர் செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மிளகு வாங்க வியாபாரி வந்தால் நாங்கள் அள்ளிக் காட்டுவது இருப்பதிலேயே திரட்சியான மணியைத்தான். விவசாய ஆபீசர் வந்தால் குச்சிக்கிழங்கில் பெரிதைப் பிடுங்கிக் கொடுப்போம். வெளியாள் கேட்டால் நல்லதைக் கொடு என்பது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. டாக்டர் கேட்டது குறையைத் தேடுவதற்காக என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் கணவருக்கே அது பாதிதான் புரிந்திருக்கும்.

நான் உடனே டவர் கிடைக்கிற மேட்டுக்குப் போய் டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "இப்ப அந்தப் பழைய தேன அனுப்பிப் பாத்தும் உங்க கொழந்தைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அடுத்த கொழந்தைக்குக் குடுக்காம பாத்துக்கங்க."

பாத்துக்கங்க என்று சொல்வது சுலபம். நான் மேட்டிலேயே நின்றுகொண்டு யோசித்தேன். பாட்டிலைத் தவறி விழுந்த மாதிரி கீழே போட்டு உடைத்துவிடலாம். ஆனால் எங்கள் மலையில் தேனுக்குப் பஞ்சமில்லை, மறுநாளே வேறு பாட்டில் வரும். மாமியாரிடம் சொல்லலாம். அவர் அதைக் குழாயடியில்தான் சொல்வார், பிறகு நங்கையாவை ஊர் என்ன பேசும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்லாமல் விட்டால் இன்னொரு குழந்தையின் நாக்கில் அந்தத் தேன் போகும். ஒன்றும் ஆகாமலும் போகலாம், எத்தனையோ குழந்தைகளுக்கு ஆகவில்லையே. இப்படி இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தேன். கடைசியில், இதை நங்கையாவிடமே சொல்வதைத் தவிர வழியில்லை என்று தெரிந்தது. அவர் வேண்டாம் என்றால்தான் அது நிற்கும்.

மறுநாள் மத்தியானம் அவர் வாசலில் மிளகு மிதித்துக்கொண்டிருந்தார். பறித்த சரத்தைக் குவித்து, காலால் மிதித்து மணியை உதிர்க்கிற வேலை. நானும் பக்கத்தில் ஏறி நின்று மிதித்தேன். முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்றுதான்.

"நங்கையா, டாக்டரம்மா கேட்டது நல்ல தேன இல்லீங்க. பாப்பாவுக்கு வெச்ச தேனக் கேட்டாங்க."

"ரெண்டும் தேனுதானே அம்மிணி?"

"பாப்பாவுக்கு நோவு அதுலருந்து வந்துச்சான்னு பாக்கறதுக்குக் கேட்டாங்க."

அவர் கால் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே இருந்தார். சரம் காலடியில் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நின்றார்.

"அப்ப இந்தத் தேன யாரும் பாக்கல."

"இல்லீங்க."

"இதுல இருந்துச்சா?"

"தெரியலீங்க. இருந்திருக்கலாம். இல்லாமயும் இருந்திருக்கலாம். மண்ணுலருந்துகூட வருமாம். உங்க கைமேல எந்தத் தப்பும் இல்ல, தேன்மேலகூடத் தப்பு இல்லன்னு டாக்டரே சொன்னாங்க. பச்சக் கொழந்தைங்களுக்கு மட்டுந்தான் ஆகாது..."

நான் பேசிக்கொண்டே போனேன். பயத்தில் எனக்கு வாய் நீளும். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. நான் நிறுத்தியதும், "மேலூட்டுக் கொழந்தைக்கும் நாந்தான் வெச்சேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் வீட்டை மேலூடு என்போம். அங்கே ஒரு குழந்தை தவறியது நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு. அப்படி ஒன்று நடந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"அதுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம்.

"சீர் தட்டிருச்சுன்னாங்க, பச்சப் புள்ளைங்களுக்கு வர்ற தோஷம்னு. ரெண்டு மாசமோ மூணு மாசமோ. பாலு குடிக்கல. வயிறு போகல. அழுவவே இல்ல அம்மிணி. அழுவாத புள்ள, அப்பிடியே உன் கொணம் வந்துருச்சுன்னு அவங்கம்மா எங்கிட்ட வந்து சொன்னா. நானும் சிரிச்சேன்."

என் காலடியில் மிளகு உருண்டது. என் மகளுடைய குரல் தேய ஆரம்பித்த முதல் நாட்களில் நாங்களும் அதையேதான் சொன்னோம். மாமியார் சொன்னார், நான் சொன்னேன். நங்கையாவின் பொறுமை அப்படியே வந்திருக்கிறது என்று.

"அது இதுதானா? நீ படிச்ச புள்ள, சொல்லு."

"தெரியலீங்க நங்கையா."

"டாக்டரம்மாகிட்டக் கேக்கலாமா?"

"அவங்களுக்கும் தெரியாதுங்க. அப்ப யாரும் எதையும் பாக்கலியே. இப்ப பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே."

அவர் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். நான் தோளைத் தொட்டேன். "போ கண்ணு, பாப்பா எந்திரிச்சுருப்பா" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சொன்னது சரியா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். சின்னவளின் குழந்தையை நினைத்தால் சரி என்று படுகிறது. நங்கையாவின் முகத்தைப் பார்த்தால் அப்படிப் படுவதில்லை.

கொழுந்தனாருக்குப் பையன் பிறந்தான். நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று பெண்கள் கூடினார்கள். "எங்க சேனைக்காரி? கூப்புடுங்க," என்று யாரோ சொன்னார்கள். நங்கையா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"தாய்ப்பாலு போதும். இனி நான் யாருக்கும் வெக்கறதில்ல," என்றார்.

ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. "பெரியவன் புள்ளைக்குன்னா வாரத்துக்கு ஒருக்கா வெச்ச கையி, சின்னவன் புள்ளைக்குன்னா வராதாக்கு?" என்று ஒருத்தி குத்தினாள். சின்னவளுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் குறுக்கே புகுந்து, டாக்டர் வேண்டாம் என்று சொன்னதாக உரக்கச் சொன்னேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நங்கையா அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சின்னவளிடம் பிறகு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன், மேலூட்டு விஷயத்தைத் தவிர. அவள் அழுதாள். பையனுக்குத் தேன் கொடுக்கவில்லை. அவன் ஊரே கேட்கிற மாதிரி கத்துகிறான்.

ஊரில் இப்போது யாரும் நங்கையாவைத் தேடி வருவதில்லை. ஒருமுறை மறுத்த கையை மறுபடி கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் இன்னும் தேன்தான். தேன் வேண்டாம் என்று நான் போய்ச் சொல்கிறேன். சில பேர் கேட்கிறார்கள்.

நங்கையா என்னிடம் ஒருமுறை கேட்டார். "மேலூட்டுக்காரிகிட்டச் சொல்லோணுமா அம்மிணி?"

"என்னன்னு சொல்லுவீங்க? நமக்கே தெரியாதத?"

"அதுவுஞ் சரிதான்."

அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் மேலூட்டு அக்கா தினமும் காலையில் எங்கள் வாசல் வழியாகத்தான் காட்டுக்குப் போகிறாள். அவளுக்கு அந்தக் குழந்தைக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சிரித்த முகம். போகிற போக்கில், "ஏனக்கா, காப்பி ஆச்சுங்களா?" என்று நங்கையாவிடம் கேட்பாள்.

"ஆச்சு கண்ணு," என்பார் நங்கையா. கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். அவள் சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் வெளியே வரமாட்டார்.